உங்கள் லேப்டாப்புக்குக் கம்பெனி போட்டிருக்கும் தேதி

எங்கள் குடும்பத்தில் எந்த வீட்டில் லேப்டாப் படுத்துக்கொண்டாலும் போன் எனக்குத்தான் வரும். "அத்தே, ஆன் பண்ணா ஃபேன் சுத்துது, ஸ்க்ரீன் மட்டும் வரல" என்று அண்ணன் மகன் ஆரம்பிப்பான். நான் ஸ்க்ரீனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். "திருப்பிப் போடு. அடியில பொடி எழுத்துல ஒரு நம்பர் இருக்கும், அதைப் படி" என்பேன். அவனுக்குக் கோபம் வரும். விழுந்து அடிபட்டு வந்தவனிடம் ரேஷன் கார்டு கேட்கிற மாதிரி இருக்கிறதாம். இருக்கட்டும். அந்த நம்பர் தெரியாமல் எனக்கு அடுத்த வேலை ஓடாது. ஸ்க்ரூ டிரைவரைத் தொடலாமா, தெருமுனைக் கடைக்குக் கொண்டுபோகலாமா, அல்லது கையைக் கட்டிக்கொண்டு கம்பெனிக்காரர் வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டுமா, எல்லாம் அதைப் பொறுத்தது.

வாரண்டி என்றால் டப்பாவுக்குள் வந்த அட்டை என்றுதான் இன்னும் பலர் நினைக்கிறார்கள். கடைக்காரர் சீல் குத்தி, தேதி எழுதி, கையெழுத்துப் போட்டுத் தந்தால் வேலை முடிந்தது. அதைப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துவிடுவார்கள். மிக்ஸிக்கும் மேஜை விசிறிக்கும் அது இன்றும் செல்லும். லேப்டாப், போன், டேப்லெட் என்று வந்துவிட்டால் கதை வேறு. அங்கே வாரண்டி இருப்பது கம்பெனியின் சர்வரில், உங்கள் சாதனத்தின் சீரியல் நம்பருக்கு நேரே எழுதப்பட்ட இரண்டு தேதிகளாக. தொடங்கிய நாள், முடியும் நாள். சர்வீஸ் சென்டர் கவுன்ட்டரில் இருப்பவர் உங்கள் அட்டையைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார். நம்பரைத் தட்டுவார், திரையைப் பார்ப்பார், "வாரண்டி முடிஞ்சுபோச்சு மேடம்" என்பார். அவர் பார்க்கும் அதே தேதியை நாமும் வீட்டிலிருந்தே, காசு கொடுக்காமல், கம்பெனியின் இணையதளத்தில் பார்க்க முடியும். பெரும்பாலானோர் பழுதான பிறகுதான் பார்க்கிறார்கள். வாங்கிய அன்றைக்கே பார்க்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

ஏன் என்று சொல்கிறேன். மேற்படி அண்ணன் மகன் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தபோது, ஆன்லைனில் ஆஃபர் போட்டிருந்த சமயம் ஒரு லேப்டாப் வாங்கினான். வாங்கியது அக்டோபர். டப்பாவைப் பிரித்த அன்றே நம்பரை அனுப்பச் சொல்லி, கம்பெனி தளத்தில் போட்டுப் பார்த்தேன். வாரண்டி தொடங்கிய நாள் என்று மே மாதத்தில் ஒரு தேதி காட்டியது. அதாவது அவன் அப்போதுதான் பிரித்த, பிளாஸ்டிக் வாசனைகூடப் போகாத மெஷினுக்குக் கம்பெனி கணக்குப்படி ஐந்து மாத வயது. ஒரு வருட வாரண்டியில் கிட்டத்தட்டப் பாதி, யாரும் தொடாமலேயே கரைந்திருந்தது. அவன் பதறிப்போய், "அத்தே, ஏமாத்திட்டாங்களா? பழைய மெஷினா?" என்றான். இல்லை. மெஷின் புதுசுதான். தேதிதான் பழசு.

இதில் சூழ்ச்சி ஏதும் இல்லை, கணக்கு முறை அப்படி. ஒரு லேப்டாப் தொழிற்சாலையிலிருந்தோ கம்பெனிக் கிடங்கிலிருந்தோ எந்த நாளில் கிளம்பியது என்பது தயாரிப்பாளருக்குத் தெரியும். அது எந்த ஊர்க் கடையில் எத்தனை மாதம் தூங்கி, யார் கைக்கு எப்போது போனது என்பது அவருக்குத் தெரியாது. ஆகவே வேறு தகவல் வரும்வரை, அனுப்பிய தேதியை வைத்து, சில கம்பெனிகள் கொஞ்சம் சலுகை நாட்கள் சேர்த்து, ஒரு தொடக்கத் தேதியைத் தானாகப் போட்டுவிடும். உங்கள் பில்லைக் காட்டினால் அதைத் திருத்திக்கொடுப்பார்கள். பெரிய கம்பெனிகள் எல்லாவற்றிலும் இதற்கு வழி உண்டு. பில்லை ஏற்றுவதற்குத் தளத்திலேயே படிவமோ, வாடிக்கையாளர் சேவை சாட்டோ இருக்கும். ஆப்பிள் தளத்தில் வாங்கிய தேதி சரிபார்க்கப்படவில்லை என்ற குறிப்பே வரும். நம் பையன் பில்லை ஏற்றினான், கொஞ்ச நாளில் தேதி அக்டோபருக்கு நகர்ந்தது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் இதையே கவனிக்காமல் விட்டு, எட்டாம் மாதத்தில் மதர்போர்டு போயிருந்தால்? அப்போதும் பில் இருந்தால் திருத்தலாம்தான். செத்த லேப்டாப்பையும் நாளைக்குக் கொடுக்க வேண்டிய புராஜெக்டையும் வைத்துக்கொண்டு கஸ்டமர் கேர் இசையைக் கேட்டபடி திருத்த வேண்டியிருக்கும்.

பில் என்றவுடன் ஒன்று. கடைகளில் இப்போது தரும் பில் பெரும்பாலும் தெர்மல் தாளில் அச்சானது. கோடையில் காரின் டேஷ்போர்டில் வைத்தால் போதும், வெள்ளைத் தாளாகிவிடும். பர்ஸில் வைத்தாலும் மெல்ல மங்கும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளுங்கள். பில்லில் சீரியல் நம்பர் அச்சாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் கவுன்ட்டரை விட்டு நகர்வதற்குள் எழுதி வாங்குங்கள். பொருளை ஆன்லைனில் பதிவு செய்யாவிட்டால் வாரண்டி போய்விடுமா என்று கேட்பவர்களுக்கு: பொதுவாகப் போகாது, பில் போதும். சில கிராஃபிக்ஸ் கார்டு கம்பெனிகள் மட்டும், குறிப்பிட்ட நாட்களுக்குள் பதிவு செய்தால்தான் கூடுதல் வருடங்கள் என்று வைத்திருக்கின்றன. டப்பாவில் 'கூடுதல்' என்று எங்காவது போட்டிருந்தால் அதன் பக்கத்தில் இருக்கும் நட்சத்திரக் குறியைத் தேடிப் படித்துவிடுங்கள்.

சரி, நம்பரை எங்கே தேடுவது? டெல் மெஷினில் அதற்குப் பெயர் சர்வீஸ் டேக். ஏழே ஏழு எழுத்தும் எண்ணும் கலந்தது. அதன் பக்கத்திலேயே எக்ஸ்பிரஸ் சர்வீஸ் கோடு என்று நீளமாக வெறும் எண்கள் இருக்கும். இரண்டும் வேறு வேறு என்று பலர் குழம்புவார்கள். இரண்டும் ஒன்றேதான். சர்வீஸ் டேக் என்பது பத்து இலக்கங்களையும் இருபத்தாறு ஆங்கில எழுத்துகளையும் சேர்த்து 36 குறிகளில் எழுதிய ஓர் எண். அதை நம் வழக்கமான பத்தின் கணக்குக்கு மாற்றினால் வருவது எக்ஸ்பிரஸ் கோடு. போனில் பொத்தானை அழுத்திச் சொல்ல வசதியாக இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடு. ஏழு இடத்தில் 36 குறிகளை வைத்து 7,800 கோடிக்கு மேல் நம்பர் உண்டாக்கலாம், டெல்லுக்கு இப்போதைக்குத் தட்டுப்பாடு வராது. கணக்குப் பிடித்தவர்கள் தங்கள் மெஷின் நம்பரை ஒருமுறை மாற்றிப் பாருங்கள், நன்றாகப் பொழுது போகும்.

எச்பி லேப்டாப்பில் அடியில் ஸ்டிக்கர் அழிந்திருந்தாலும் கவலை இல்லை. எஃப்என் விசையையும் எஸ்கேப் விசையையும் சேர்த்து அழுத்தினால் சீரியல் நம்பர், புராடக்ட் நம்பர் எல்லாம் திரையில் வந்து நிற்கும். லெனோவோவில் சீரியல் நம்பரோடு மெஷின் டைப் என்று நான்கு குறிகள் இருக்கும். சில இடங்களில் அதையும் கேட்பார்கள். லெனோவோ மெஷினோடு வரும் வான்டேஜ் செயலியைத் திறந்தால் வாரண்டி தேதியே அங்கு தெரியும். ஆப்பிளில் போனாக இருந்தால் செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் அபவுட்; மேக்காக இருந்தால் மூலையில் இருக்கும் ஆப்பிள் சின்னத்தைத் தொட்டு 'அபவுட் திஸ் மேக்'. ஆப்பிள் நம்பரில் 'ஓ' என்று தெரிவதெல்லாம் பூஜ்யம்தான், எழுத்தாகத் தட்டிவிட்டு நம்பர் தவறென்று திட்டாதீர்கள். பொடி எழுத்தைப் படிக்கக் கண் சுருக்க வேண்டாம், போன் கேமராவில் படம் எடுத்துப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். மெஷின் உயிரோடு இல்லாவிட்டால் டப்பாவின் பக்கவாட்டு ஸ்டிக்கர் இருக்கிறது. டப்பாவைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள் என்று நான் கத்துவதற்குக் காரணம் இதுதான். சீரியல் நம்பர் இருக்கும் பக்கத்தை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டாலும் சரி.

இனி எனக்குப் பிடித்த பகுதி, செகண்ட் ஹேண்ட். சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவைத் தெரியாத கம்ப்யூட்டர்க்காரர் இருக்க முடியாது. ஐ.டி. கம்பெனிகள் மூன்று வருடக் குத்தகை முடிந்து கழித்துவிடும் லேப்டாப்புகள், வெளிநாட்டிலிருந்து மொத்தமாக வந்து இறங்கியவை, எல்லாம் துடைத்துப் பளபளவென்று அங்கே கண்ணாடிப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும். நல்ல சரக்கும் உண்டு. நானே வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஒரு தோழிக்காகப் போனபோது ஒரு கடையில் நல்ல மெஷின் ஒன்றைக் காட்டினார்கள். "ஒன்றரை வருஷம் கம்பெனி வாரண்டி பாக்கி இருக்கு மேடம், தைரியமா எடுத்துட்டுப் போங்க." அடியில் இருந்த நம்பரைப் போனில் போட்டேன். கடைக்காரர் சொன்னது சத்தியம், ஒன்றரை வருடம் காட்டியது. தோழி பையைத் திறந்துவிட்டாள். நான் மெஷினை ஆன் செய்து, வின்டோஸ் வருவதற்கு முன்னாலேயே திறக்கும் பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குப் போனேன். அங்கே இருந்த நம்பர் வேறு. அதைப் போட்டுப் பார்த்தால் வாரண்டி எப்போதோ முடிந்திருந்தது, விற்கப்பட்ட நாடும் இந்தியா இல்லை. அடி மூடி ஒரு மெஷினுடையது, உள்ளே இருக்கும் போர்டு இன்னொன்றுடையது. "அது கம்பெனியிலேயே போர்டு மாத்தினது மேடம், அதான் நம்பர் வேற" என்றார். கம்பெனி ஆள் போர்டு மாற்றினால் பழைய சீரியல் நம்பரைப் புதுப் போர்டில் எழுதிவிட்டுத்தான் போவார், அதுதான் நடைமுறை. இதைச் சொன்னதும் அவர் விவாதிக்கவில்லை, அடுத்த வாடிக்கையாளரைப் பார்க்கப் போய்விட்டார். நாங்கள் வேறு கடையில் வாங்கினோம்.

ஆகவே செகண்ட் ஹேண்டில் அடியில் இருக்கும் நம்பரை மட்டும் நம்ப வேண்டாம், பயாஸில் இருப்பதோடு ஒப்பிட வேண்டும். பயாஸில் சீரியல் நம்பர் இடம் வெறுமையாகவோ, தயாரிப்பாளர் நிரப்ப வேண்டியது என்ற பொருளில் ஓர் ஆங்கில வாக்கியமாகவோ இருந்தால், அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்பில் அது இயல்பு. பிராண்டட் லேப்டாப்பில் அப்படி இருந்தால் வெளியாள் யாரோ போர்டில் கை வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளலாம்.

வாரண்டி முடிந்த மெஷினுக்கும் கம்பெனி தளத்தின் வாரண்டிப் பக்கத்தைப் பார்ப்பது வீண் இல்லை. தொடங்கிய தேதி மெஷினின் வயதைச் சொல்லிவிடும். "ரெண்டு வருஷம்தான் யூஸ் பண்ணது" என்று விற்பவர் சொல்லும் மெஷின் ஆறு வருடத்துக்கு முன்னால் பிறந்ததா என்பதை அங்கே பார்க்கலாம். டெல், லெனோவோ தளங்களில் இன்னொரு வசதி உண்டு. அந்த நம்பருள்ள மெஷின் தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும்போது உள்ளே என்ன ராம், என்ன டிஸ்க் இருந்தது என்ற விவரமும் கிடைக்கும். கடைக்காரர் காட்டும் கான்ஃபிகரேஷனோடு ஒப்பிட்டால், எது மாற்றப்பட்டது என்று விளங்கிவிடும். ஆப்பிளில் முன்பு சீரியல் நம்பரைப் பார்த்தே எந்த ஆண்டு, எந்த வாரம் தயாரானது என்று சொல்லும் கில்லாடிகள் இருந்தார்கள். 12 குறி நம்பரில் நான்காவதும் ஐந்தாவதும் அதைத்தான் சொல்லும். 2021 முதல் ஆப்பிள் நம்பரைக் குலுக்கிப் போட்டதுபோல் மாற்றிவிட்டது, அந்த வித்தை புது மெஷின்களில் பலிக்காது.

வாரண்டி பாக்கியுள்ள செகண்ட் ஹேண்ட் டெல் வாங்கினால், உரிமையாளர் மாற்றத்தைக் கம்பெனி தளத்தில் பதிவு செய்துவிடுங்கள். விற்றவர் ஊரைவிட்டுப் போன பிறகு அவர் பெயரில் இருக்கும் மெஷினுக்குச் சர்வீஸ் கேட்டு அலைவது தேவையில்லாத வேலை.

போனுக்கு வருவோம். போனில் வாரண்டிக் கணக்கு பெரும்பாலும் முதலில் ஆக்டிவேட் ஆன நாளிலிருந்து ஓடும். அதனால் சீல் உடைக்காத டப்பா என்று வாங்கிய போனுக்கு இரண்டு மாதம் முந்தைய தேதி காட்டினால் கடைக்காரரிடம் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. *#06# என்று அடித்தால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. நம்பர் வரும். முதல் எட்டு இலக்கம் மாடலைச் சொல்லும். கடைசி இலக்கம், தட்டும்போது தவறு நேர்ந்தால் கண்டுபிடிக்க வைத்த சரிபார்ப்பு இலக்கம். திரையில் வரும் நம்பரும் டப்பாவில், பில்லில் இருக்கும் நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். பழைய போன் வாங்கினால் வாரண்டிக்கு முன்னால் இன்னொன்றைப் பார்க்க வேண்டும்: அது திருட்டுப் போனா? மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் இதற்கு இடம் உண்டு. அல்லது கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடைவெளி விட்டு ஐ.எம்.இ.ஐ. நம்பரைச் சேர்த்து 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் பதில் வரும். தொலைந்த போன்களை நாடு முழுக்க முடக்கும் ஏற்பாடு 2023 மே மாதம் எல்லா மாநிலங்களுக்கும் வந்துவிட்டது. முடக்கப்பட்ட போனை வைத்துக்கொண்டு வாரண்டி பாக்கி இருக்கிறதென்று சந்தோஷப்பட முடியாது.

அசெம்பிள் செய்த கம்ப்யூட்டருக்கு ஒட்டுமொத்த வாரண்டி என்று ஒன்று கிடையாது. பிராசஸர், மதர்போர்டு, ராம், டிஸ்க், எஸ்.எம்.பி.எஸ். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நம்பர், தனித்தனி தேதி. இதில் ஹார்ட் டிஸ்க்கை மட்டுமாவது வாங்கும்போதே சோதிக்கச் சொல்வேன். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹைசே தொழில்நுட்ப இதழ் ஒரு விஷயத்தை வெளியே கொண்டுவந்தது. டேட்டா சென்டர்களில் ஆயிரக்கணக்கான மணி நேரம் உழைத்த சீகேட் டிஸ்க்குகள், ஓடிய நேரக் கணக்கைப் பூஜ்யமாக்கி, புதிது என்று கடைகளில் விற்கப்பட்டிருந்தன. விற்ற கடைகளில் சில தங்களுக்கே தெரியாது என்றன. டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே சொல்லும், வழக்கமாக நாம் பார்க்கும் ஸ்மார்ட் தகவலில் பூஜ்யம்; சீகேட் உள்ளே தனியாக எழுதிவைக்கும் இன்னொரு பதிவில் உண்மையான மணிக்கணக்கு. அந்த டிஸ்க்குகளில் பலவற்றுக்கு, சீரியல் நம்பரைக் கம்பெனி தளத்தில் போட்டாலே சந்தேகம் வந்திருக்கும். புது டிஸ்க்குக்கு வர வேண்டிய முழு வருடங்கள் வரவில்லை, அல்லது 'இது கம்ப்யூட்டர் தயாரிப்பாளருக்கு விற்ற சரக்கு, எங்களிடம் வாரண்டி இல்லை' என்று வந்தது.

பிராசஸரிலும் இந்த வேறுபாடு உண்டு. டப்பாவில் வரும் இன்டெல் பிராசஸருக்கு மூன்று வருடம் இன்டெல்லே பொறுப்பு. டிரே என்று டப்பா இல்லாமல் விற்பதற்கு, விற்ற இடம்தான் பொறுப்பு. விலை குறைவாக இருப்பதன் ரகசியம் பாதி இதுதான். இந்தியாவில் இன்னொரு வில்லங்கமும் நடந்தது. 2016-இல் இன்டெல் இந்தியாவுக்கென்றே தனி விதி போட்டது: இந்தியாவில் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடமிருந்து வந்த டப்பாவுக்குத்தான் இங்கே வாரண்டி. துபாயிலோ சிங்கப்பூரிலோ வாங்கிவந்த அசல் சரக்குக்கு, அந்த விதிப்படி அங்கே போய்த்தான் கேட்க வேண்டியிருந்தது. இதை எதிர்த்து ஒரு விற்பனையாளர் இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போக, ஆணையம் 2019-இல் விசாரணைக்கு உத்தரவிட்டது. வெளிநாட்டு மாமா கொண்டுவந்த பொருளுக்கு வாரண்டி கேட்பவர்கள், வாரண்டிப் பக்கத்தில் நாடு என்ற கட்டத்தில் என்ன இருக்கிறதென்று முதலில் பாருங்கள்.

தளத்தில் 'முடிந்துவிட்டது' என்று சிவப்பில் வந்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? எல்லா நேரமும் அப்படி இல்லை. ஒரு மாடல் முழுக்க ஒரே மாதிரி பழுதானால், கம்பெனிகள் வழக்குக்கும் அவப்பெயருக்கும் பயந்து அந்தப் பழுதுக்கு மட்டும் வாரண்டியை நீட்டும். எக்ஸ்பாக்ஸ் 360-இல் சிவப்பு வளையம் எரிந்து ஏராளமானவை செத்தபோது, 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அதற்கு மூன்று வருடமாக நீட்டி, 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. மேக்புக்கின் பட்டர்ஃபிளை கீபோர்டு ஒரு துளி தூசிக்கு மக்கர் செய்ததால், 2018 ஜூனில் ஆப்பிள் முதல் விற்பனையிலிருந்து நான்கு வருடம் இலவசமாகச் சரிசெய்வதாகச் சொன்னது. 2024 ஆகஸ்டில் இன்டெல் தன் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் பலவற்றுக்கு மூன்று வருடத்தோடு இன்னும் இரண்டு சேர்த்தது. போன் திரையில் பச்சைக் கோடு விழுந்த விவகாரத்தில் ஒன்பிளஸ் இந்தியாவில் சில மாடல்களுக்குத் திரை வாரண்டியை ஆயுள் முழுக்க என்று அறிவித்தது. சாதாரண வாரண்டித் தேதியில் இதெல்லாம் பல நேரம் தெரியாது. மாடல் பெயரோடு பழுதின் பெயரையும் சேர்த்து, கம்பெனியின் சொந்தத் தளத்தில் தேடிவிட்டுத்தான் காசு கொடுத்து ரிப்பேர் செய்ய வேண்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பச்சை நிறத்தில் 'ஆக்டிவ்' என்று வந்தால் ரிப்பேர் இலவசம் என்று அர்த்தம் இல்லை. அந்தப் பக்கத்துக்குத் தெரிந்தது நாட்காட்டி மட்டும்தான். வெள்ளத்தில் மிதந்த லேப்டாப்புக்கும் ஆக்டிவ் என்றுதான் வரும். மெஷினைத் திறந்து, தண்ணீர் பட்டால் சிவக்கும் ஸ்டிக்கரைப் பார்த்த பிறகுதான் தீர்ப்பு. கீழே விழுந்தது, காபி கொட்டியது, மின்னழுத்தம் ஏறி எரிந்தது, நம் ஊர் விசேஷமாக எறும்பும் பல்லியும் உள்ளே குடித்தனம் நடத்தியது, இவையெல்லாம் சாதாரண வாரண்டியில் சேராது. மூன்று வருட வாரண்டி உள்ள லேப்டாப்பில்கூட பேட்டரிக்குப் பெரும்பாலும் ஒரு வருடம்தான். சர்வீஸ் எந்த வகை என்ற வரியையும் படியுங்கள். ஆன்சைட் என்றால் ஆள் வீட்டுக்கு வருவார். கேரி-இன் என்றால் நீங்கள்தான் சுமந்துகொண்டு போக வேண்டும்; சர்வீஸ் சென்டர் இல்லாத ஊரில் இருப்பவருக்கு இந்த ஒரு வரி விலையைவிட முக்கியம்.

எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். பில் போடும்போது கடைப் பெண் சிரித்த முகத்தோடு சேர்த்துவிடும் திட்டத்தை நான் வாங்கச் சொல்வதில்லை. அது பல நேரம் லேப்டாப் கம்பெனியுடையது அல்ல, வேறொரு நிறுவனத்தின் திட்டம். கம்பெனி தளத்தில் சீரியல் நம்பர் போட்டால் அது வராது. பழுதானால் யாரிடம் போவதென்று திட்டத்தின் காகிதத்தைத் தேட வேண்டும். கம்பெனியே விற்கும் நீட்டிப்பு வேறு. அதைப் பெரும்பாலும் அசல் வாரண்டி உயிரோடு இருக்கும்போதே வாங்க வேண்டும், வாங்கிய பிறகு தளத்தில் முடியும் தேதி நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். வேலைக்கு வைத்திருக்கும் லேப்டாப்புக்கு, ஆன்சைட் கிடைத்தால், வாங்குங்கள் என்பேன். அதற்காகவாவது பதினோராம் மாதம் ஒருமுறை அந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும். திறக்கும்போது, ஸ்பீக்கரில் இருக்கும் கரகரப்பு, தளர்ந்த கீல் என்று 'அப்புறம் பார்த்துக்கலாம்' பட்டியலில் இருப்பதையெல்லாம் புகாராகப் பதிந்துவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. வாரண்டி பார்க்கும் பக்கத்தைத் தேடுபொறியில் பெயர் போட்டுத் தேடினால், கம்பெனி மாதிரியே வேடம் போட்ட தளங்களும் போலி இலவச அழைப்பு எண்களும் வரிசையில் நிற்கும். முகவரியை நீங்களே தட்டிப் போங்கள், அல்லது மெஷினோடு வந்த செயலியிலிருந்து போங்கள். புது லேப்டாப் வாங்கிய மகிழ்ச்சியில் டப்பாவோடு படம் எடுத்துப் போடுபவர்கள் நம்பரை மறையுங்கள். 2024 மே மாதம் டெல் தன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டி வந்தது: பெயர், முகவரி, சர்வீஸ் டேக், ஆர்டர் தேதி, வாரண்டி விவரம் எல்லாம் வெளியே கசிந்துவிட்டன என்று. யாராவது போன் செய்து உங்கள் சர்வீஸ் டேக்கைச் சரியாகச் சொல்லி, "மேடம், உங்க வாரண்டி முடியப்போகுது" என்றால், நம்பர் சரியாக இருப்பதனாலேயே அவர் கம்பெனி ஆள் ஆகிவிட மாட்டார். வைத்துவிட்டு, நீங்களே கம்பெனிக்கு அழையுங்கள்.

"பில் வேண்டாம்னா 18 பர்சென்ட் குறைச்சுத் தர்றேன்" என்ற பேரத்துக்கு மயங்குபவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கிடங்கிலிருந்து கிளம்பிய தேதிதான் கம்பெனி கணக்கில் இருக்கிறது. அதைத் திருத்த எதைக் காட்டுவீர்கள்? பில் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நேர்மையற்ற வணிக முறை என்றே சேர்க்கப்பட்டிருக்கிறது. பில்லும் இருந்து, தேதியும் இருந்து, கம்பெனி கைவிரித்தால் முதலில் மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். போனில் பேசியது காற்றோடு போகும். பிறகு 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கேயும் நகரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயம் இல்லை.

இதைப் படித்து முடித்ததும் பக்கத்தில் இருக்கும் லேப்டாப்பைத் திருப்பி அந்த நம்பரை ஒருமுறை போட்டுப் பாருங்கள். தொடக்கத் தேதி உங்கள் பில்லுக்கு முந்தையதாக இருந்தால் இன்றே பில்லை அனுப்பிவிடுங்கள். தீபாவளி ஆஃபரில் வாங்கியவர்கள் முதலில் பாருங்கள். கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்த சரக்கு அதிகம் வெளியே வருவது அப்போதுதான்.